முழங்காலில் நின்று கேட்ட பாட்டு

எனக்குப் பத்து வயதாகும்வரை, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு, முந்திய ஒன்பது நாளும் பின்னேரச் செபமாலை முடிந்ததும் எங்கள் வீட்டில் ஓர் ஆங்கிலப் பாட்டை முழங்காலில் நின்று கேட்போம். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் எழும்புவோம். இதைச் சொன்னால் இப்போது என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த முழங்கால்களில் ஒரு சோடி என் அம்மாவுடையவை. அதனால் நான் சிரிப்பதில்லை.

அந்த இசைத்தட்டு அப்பாவுடன் வந்தது. அப்பா துறைமுகத்துக் கடற்படைத் தளத்தில், துரைமார் சாப்பிடும் மெஸ்ஸில், குசினியில் சமையல் வேலை செய்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இளந்தாரியாகப் போய்ச் சேர்ந்தாராம். அப்படி ஒரு நத்தாருக்குத்தான் அந்தப் பாட்டை முதன்முதல் கேட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வான்கோழி இறைச்சியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் ஒருவரும் கரண்டியைத் தொடவில்லையாம். மூலையில் பாட்டுப்பெட்டி ஓடிக்கொண்டிருந்ததாம். சண்டைக்கு வந்த ஆட்கள், மீசை வைத்த பெரிய ஆட்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். பாட்டு முடிந்ததும் ஒருத்தர் எழும்பிப்போய் அதையே திரும்பப் போட்டாராம். இறைச்சி ஆறிப்போய், அப்பா அதைத் திரும்பவும் சூடாக்க வேண்டி வந்ததாம்.

வெள்ளைக்காரர் தளத்தை எங்கள் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போன வருஷம், ஒரு துரையின் மனைவி அந்தப் பாட்டுப்பெட்டியையும் இசைத்தட்டையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சைக்கிளில் கட்டி, மழைக்குச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தளம் மூடியதும் வேலை போய்விட்டது. பின்னேரங்களில் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு, துறைமுகப் பக்கம் பார்த்தபடி, அந்தத் தட்டைப் போட்டுக் கூடவே மெதுவாகப் பாடுவார். அவருடைய கண்ணும் கலங்கும்.

அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். அப்பா கோயிலுக்கு வந்தால் வாசலோடு நிற்கிறவர். செபமாலையின் ஐந்து காரணிக்கத்தில் இரண்டாவதிலேயே கொட்டாவி விடுகிறவர். அப்படிப்பட்ட மனிசனை அழவைக்கிற பாட்டென்றால் அது எவ்வளவு வல்லமையான செபமாக இருக்க வேண்டும்!

"இது நத்தார்ச் செபம்தானே?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"நத்தார்ப் பாட்டுத்தான்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அப்பா ஒரு சரக்குக் கப்பலில் சமையற்காரராக ஏறிப் போனார். நத்தாருக்கு வந்துவிடுவேன் என்றுதான் போனார். முதல் வருஷம் நான்கு கடிதம் வந்தது. அடுத்த வருஷம் ஒன்று. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: வாற நத்தாருக்கு வருவேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அம்மா இருந்தார். கன்னியர் மடத்துக் குசினிக்கு ஆள் வேண்டும், வாருங்கள் என்று கன்னியாஸ்திரிகள் இரண்டு தடவை கேட்டனுப்பினார்கள். அம்மா மறுத்துவிட்டார். "அவர் வந்திறங்கேக்க நான் வீட்டில இல்லாட்டி என்ன நினைப்பார்?" என்றார். அந்தப் பாட்டை நவநாள் செபத்துடன் சேர்த்துக்கொண்டதும் அப்போதுதான். அப்பாவைத் திருப்பித் தரும்படி தமிழில் கேட்டது போதாது என்று, அப்பாவின் சொந்தச் செபத்தினாலும் கேட்டார்.

ஆனால் பாட்டுப்பெட்டி ஊசி கேட்கும். இரண்டு மூன்று தடவை போட்டால் ஊசி மழுங்கிவிடும். துரையின் மனைவி தந்த தகர டப்பா காலியானதும், அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு வழி கண்டுபிடித்தார். எலுமிச்சை என்கிற தேசிக்காய் மரத்து முள்ளை வெயிலில் காயவைத்துச் சீவி, ஊசியின் இடத்தில் பூட்டினார். பாட்டு வந்தது. கொஞ்சம் தடிமன் பிடித்து மூக்கடைத்த குரலில் வந்தது, ஆனால் வந்தது. கார்த்திகை மாதம் முழுக்க மாமாவுக்கு முள் சீவுகிற வேலைதான்.

பக்கத்து வீட்டு மாமி சைவம். அவவும் அந்த ஒன்பது நாளும் வந்து, கதவோரம் கைகூப்பி நிற்பா.

"இது எந்தச் சுவாமியின்ர பாட்டு, தங்கச்சி?" என்று ஒருநாள் அம்மாவைக் கேட்டா.

"பாலயேசுவின்ர, அக்கா."

"நல்ல உருக்கம். எங்கட பிள்ளையாருக்கும் இப்பிடி ஒண்டு இருந்தால் நல்லம்" என்றா.

அந்தப் பாட்டு நின்றது நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம். எங்கள் பங்குச் சுவாமி, கோயில் பாதிரியார், அமெரிக்கர். உயரமான மனிதர், சைக்கிளில் போனால் முழங்கால் கைபிடியில் இடிக்கும். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், ஆகையால் புத்தகம் போலவே பேசுவார். நத்தாருக்கு முன்பு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், உங்கள் இல்லத்தில் விசேட செபங்கள் உண்டா என்று கேட்டார். மற்றப் பிள்ளைகள் அந்தோனியாரையும் மடு மாதாவையும் சொன்னார்கள். நான் எழும்பி, எங்கள் வீட்டில் இங்கிலீசுச் செபம் இருக்கிறது என்றேன்.

"எங்கே, பாடு பார்ப்போம்" என்றார்.

கையைக் கூப்பி, கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த சத்தங்களில் பாடினேன். பாதியில் கண்ணைத் திறந்து பார்த்தேன். சுவாமி முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முடித்த பிறகும் திரும்பவில்லை.

வகுப்பு விட்டதும் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"மகளே, இது செபம் அன்று. இது ஒரு திரைப்படத்தில் வந்த பாடல்."

படப் பாட்டு! முழங்காலில் நின்று!

"இதை எழுதியவர் வெயில் எரிக்கும் ஊரில் இருந்துகொண்டு பனியை நினைத்து எழுதினார் என்று சொல்வார்கள். அவர் கிறிஸ்தவரும் அல்லர். யூதர்."

என் முகம் போன போக்கைக் கண்டு, "நமது மாதாவும் யூத குலத்தவரே" என்று சேர்த்துச் சொன்னார்.

"அப்ப ஏன் சுவாமி வெள்ளைக்காரர் அதைக் கேட்டு அழுதவை?"

"யுத்தத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் வானொலிக்கு எழுதி எழுதி இதையே கேட்டார்கள். வீரப் பாட்டு வேண்டாம், இது போதும் என்றார்கள். ஏனென்றால் இதன் கருத்து அத்தகையது. வீட்டைவிட்டு வெகு தூரத்தில் இருக்கும் ஒருவன், தன் ஊர் நத்தாரை நினைத்து ஏங்குகிறான். கர்த்தருடைய பெயர் இதில் ஓரிடத்திலும் இல்லை. அவ்வளவுதான்."

"இது பாவமா, சுவாமி?"

"இல்லை, மகளே. ஏங்குவது பாவம் அன்று."

ஏங்குவது பாவம் அன்று என்ற வசனத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. படப் பாட்டு என்பதைத்தான் கொண்டு ஓடினேன்.

அன்று நவநாளின் மூன்றாம் நாள். செபமாலை முடிந்தது. மாமா புது முள்ளைப் பூட்டிச் சாவி கொடுத்தார். தட்டு சுற்றத் தொடங்கியது. எல்லோரும் முழங்காலில் இருக்க, நான் எழும்பி நின்றேன்.

"முழங்காலில நில்லு பிள்ளை" என்றார் அம்மா.

"ஏலாது அம்மா."

"ஏன், கால் நோகுதோ?"

"இது செபமில்லை. படத்தில வந்த பாட்டாம். சுவாமி சொன்னவர்."

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "என்ன கதை இது? அப்ப நான் முள்ளுச் சீவிச் சீவி விரலெல்லாம் புண்ணாக்கினது படப் பாட்டுக்கோ?"

"படப் பாட்டெண்டால் என்ன, கேட்க வடிவாத்தானே கிடக்கு" என்றா கதவோரத்தில் நின்ற மாமி. கூப்பிய கையை மட்டும் மெல்லக் கீழே விட்டா.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பினார். "கருத்து என்னவாம்? சுவாமி சொன்னதை அப்பிடியே சொல்லு."

மறைக்கல்விப் பரீட்சையில் பதில் சொல்வதுபோல நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கிற ஒருத்தர், தன்ர ஊர் நத்தாரை நினைச்சு ஏங்கிப் பாடுறதாம். கர்த்தருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லையாம்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் புதிதாகக் கேட்கிறவர்போலக் கேட்டார்.

"தூரத்தில இருக்கிற ஆளோ?"

"ஓம் அம்மா."

"அப்பா இஞ்ச இருந்தெல்லோ பாடினவர்" என்றார் அம்மா. "இந்தக் கதிரையில இருந்து. எங்களோட."

மாமா நிலத்தைப் பார்த்தார். மாமி, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டா. எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது.

"போக முந்தியே பாடிப் பழகிப் பார்த்திருப்பார், அம்மா" என்றேன்.

அம்மா கையை நீட்டி, பாட்டு முடிய முன்பே முள்ளைத் தூக்கிவிட்டார். தட்டை அதன் கடதாசி உறைக்குள் போட்டு, அலுமாரியின் அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே வைத்தார். அழவில்லை. என்னையும் ஏசவில்லை. "வா, சாப்பிடுவம்" என்று மட்டும் சொன்னார்.

மிச்ச ஆறு நாளும் செபமாலையோடு நவநாள் முடிந்தது. அதற்குள் ஒரு காலையில் அம்மா குடையை எடுத்துக்கொண்டு தானாகவே கன்னியர் மடத்துக்குப் போய், தை மாதம் குசினிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். "இவ்வளவு நாளும் மாட்டன் எண்டனீங்கள், இப்ப என்ன அக்கா?" என்று மாமா கேட்டார். "பிள்ளை வளருதெல்லே" என்றார் அம்மா. நானோ, ஒரு பிழையான வழிபாட்டிலிருந்து நான் குடும்பத்தை மீட்டதற்கு ஆண்டவர் உடனடியாகத் தந்த வெகுமதி இது என்று நம்பினேன். அந்த வேலையிலேயே பதினெட்டு வருஷம் இருந்து அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தார். அப்பா வரவில்லை. எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரிய வரவில்லை. இன்றும் அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லாமல் நான் படுப்பதில்லை.

நானும் குடும்பம், பிள்ளைகள் என்று ஆனபிறகுதான் எனக்கு விளங்கிற்று. அப்பா தூரத்தில் இருந்து வீட்டை நினைத்து ஏங்குகிறார் என்ற நம்பிக்கையில்தான் அம்மா முழங்காலில் நின்றார். வீட்டில் இருக்கும்போதே அவர் தூரத்தில்தான் இருந்தார் என்பதை அம்மாவுக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அறிந்த மாமா சொல்லவில்லை, அயலவர் சொல்லவில்லை, கடிதங்களும் சொல்லவில்லை. பத்து வயதில், நிமிர்ந்து நின்று, மறைக்கல்விக் குரலில் நான் சொன்னேன்.

ஆனால் அன்று எனக்கு இருந்ததெல்லாம் பெருமைதான். நத்தார்க் காலைப் பூசை முடிந்து, மழை விட்டிருந்த நேரத்தில், கோயில் முற்றத்தில் சுவாமியைத் தேடிப் பிடித்தேன்.

"சுவாமி, நான் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். இப்ப நாங்கள் அந்தப் பாட்டுப் போடுறேல்லை."

"எதைச் சொன்னாய், மகளே?"

"நீங்கள் சொன்ன எல்லாத்தையும். கருத்தையும் சொன்னனான்."

"அம்மா என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அப்பா இஞ்ச இருந்தெல்லோ பாடினவர் எண்டு மட்டும் சொன்னவ."

சுவாமி என்னைத் தாண்டி, படியில் இறங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ ஒரு கன்னியாஸ்திரியோடு கதைத்துக்கொண்டு நடந்தார். சுவாமி கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். வைத்தபடியே வெகுநேரம் நின்றார்.

பிழையைத் திருத்தியதற்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்று நினைத்து, நான் தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தேன்.