பூசைக்குப் போன போத்தல்

என் மனைவியின் முப்பத்தோராம் நாள் பூசை செல்லுமா செல்லாதா என்று மூன்று கிழமையாக எனக்குத் தெரியாமல் இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மிசிசாகாவில், விமானத்தில் ஏற்றும் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன். லேபலில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி போகாது. அப்படியே பழகிப்போன மண்டை என்னுடையது. பூசை விஷயத்திலும் அது அப்படித்தான் வேலை செய்தது.

எல்லாம் ஒரு வைன் போத்தலில் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு முந்திய கோடையில், எங்கள் கலியாண நாளுக்கென்று மகள் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் இரண்டு நாள் தங்குவதற்கு அறை பிடித்துத் தந்தாள். ரொறன்ரோவில் இருந்து நாலு-ஓ-ஒன்று நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டரை மணித்தியாலம். ஒன்ராறியோ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற நிலம் அது. எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் தண்ணீர்தான். வைனுக்குப் பேர்போன இடம் என்றாள் மகள். எங்கள் வீட்டில் வைன் குடிக்கிற ஆட்கள் இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை நேரம் சுவாமியார் குடிப்பதைப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இருந்தாலும் போனோம். ஒரு சின்னத் தோட்டம். பலகைக் கொட்டிலுக்குள் ஒரு மேசை, அதற்குப் பின்னால் தோட்டக்காரி. வெயிலில் கறுத்த வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும். மண் ஒரு முழம்கூட இல்லை, கீழே எல்லாம் சுண்ணாம்புக் கல், ஏரிக் காற்று குளிர், கோடை கட்டை, பழம் முழுக்கப் பழுக்கு முன்னமே பனி வந்துவிடும், அதனால்தான் எங்கள் வைன் இப்படிப் புளிக்கிறது என்று விளக்கினாள். புளிப்பை ஒருத்தி இவ்வளவு பெருமையாகச் சொல்லி விற்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் கார் ஓட்ட வேண்டும் என்று தொடவில்லை. மனைவி வெள்ளை வைனில் ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு தோட்டக்காரியிடம் பச்சைத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதையும் குடித்தாள்.

"இஞ்சேருங்கோ, நெல்லிக்காய் திண்டுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு."

"சும்மா கதை விடாதையும்," என்றேன். வைன் விற்கிற இடத்தில் தண்ணீர் கேட்டது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் ஒரு போத்தல் வாங்கினாள். யார் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "பேரப்பிள்ளை பிறக்கேக்கை உடைப்பம்," என்றாள். டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டின் குசினி அலுமாரியில், அரிசிப் பைக்குப் பின்னால் அது போய் இருந்துகொண்டது.

இந்த ஒக்டோபர் தொடக்கத்தில் அவள் போய்விட்டாள். காலையில் தேத்தண்ணி போட எழும்பியவள், இதயம் நின்று குசினியிலேயே விழுந்தாள். மற்றதை எழுத எனக்கு விருப்பமில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு என்ன காணிக்கை கொண்டுபோவது என்று மகள் கேட்டபோது, அரிசிப் பைக்குப் பின்னால் கையை விட்டேன். அவள் தன் கையால் எடுத்து, தன் காசில் வாங்கிய போத்தல். அது பீடத்தில் இருக்க வேண்டும் என்று ஏனோ மனதில் பிடித்துக்கொண்டது. காணிக்கைப் பவனியில் அப்பமும் பழமும் மற்றவர்கள் கொண்டுபோக, போத்தலை நான் கொண்டுபோய்ச் சுவாமியாரின் கையில் கொடுத்தேன். "இது அவ வாங்கின வைன், சுவாமி," என்றேன். அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பீடத்தில் நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது, கண் முழுக்கத் தண்ணீர்.

நற்கருணை நேரத்தில் குடும்பத்தாருக்குக் கிண்ணத்தில் இருந்தும் கொடுத்தார். ஒரு வாய்தான். நெல்லிக்காய். நாக்கின் அடியில், அவள் சொன்ன அதே நெல்லிக்காய். நான் அந்த இடத்திலேயே குலுங்கி அழுதேன். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் பக்கத்தில் நிற்பது போல் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து மீண்டும் கவுண்டிக்குக் காரை விட்டேன். ஆண்டுப் பூசைக்கும் அதே வைனை வாங்கி வைக்க வேண்டும் என்பது எண்ணம். நவம்பர், ஒரே சாம்பல் வானம். தோட்டத்தில் ஒரு உழவு மெஷின் வரிசை வரிசையாகப் போய், கொடிகளை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தது. பக்கக் கிளைகளைக் கீழே வளைத்துக் கட்டி, அவற்றின் மேல் மண்ணைக் குவிக்கிறார்கள். மூடாவிட்டால் குளிரில் செத்துப்போகும் என்றாள் தோட்டக்காரி. ஏப்ரலில் கிண்டி எடுத்துவிடுவோம், ஒன்றும் ஆகாது என்றாள். எனக்கு அவளில் கோபம் வந்தது. அந்த மனிசி என்ன பிழை செய்தாள்? ஒன்றும் இல்லை. கோபம் வந்தது, அவ்வளவுதான்.

அதை மறைக்கத்தான் வைனைப் பற்றிக் கதை கொடுத்தேன். மேசையில் இருந்த அதே வருடத்து வைன் போத்தலைக் காட்டி, இது என் மனைவிக்குப் பிடித்திருந்தது என்றேன். தோட்டக்காரி சந்தோஷப்பட்டாள். அது ஒரு மோசமான வருடம், வெயிலே இல்லை, பழத்தில் இனிப்பு ஏறவில்லை, அதனால் புளிக்க வைக்கும்போது சீனி சேர்த்தோம் என்றாள். குளிர் இடங்களில் இது வழக்கம்தானாம்.

"சீனியா? கடையில் விற்கிற சீனியா?"

சாதாரண வெள்ளைச் சீனிதான் என்றாள். அந்தப் போத்தலின் லேபலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீனி என்று எங்கும் இல்லை. எழுதத் தேவையில்லையாம்.

போத்தல் வாங்காமலே திரும்பினேன். பூசைக்கு வைக்கிற இரசம் திராட்சைப் பழத்தில் இருந்து மட்டும் வந்ததாக இருக்க வேண்டும், சுவாமியார் விடுகிற ஒரு துளி தண்ணீரைத் தவிர வேறொன்றும் சேரக் கூடாது என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது நாலு-ஓ-ஒன்று முழுக்க மண்டைக்குள் ஓடியது. சீனி கலந்த வைனை வைத்தால் அது பூசையா? இல்லையென்றால், அன்றைக்கு அவளுக்காக நாங்கள் செய்தது என்ன? நானே என் கையால் கொண்டுபோய்க் கெடுத்தேனா? ஆனால் நெல்லிக்காய் நாக்கில் பட்டதே, அது பொய்யா? ஒரு கேள்வியைப் பிடித்தால் மற்றது நழுவியது.

அஜக்ஸில் இருக்கிற மகளைக் கேட்டேன்.

"ரிலாக்ஸ் அப்பா. சுகர் எல்லாம் அல்கஹோலா மாறிடும். இட்ஸ் ஜஸ்ட் கெமிஸ்ட்ரி."

"அப்ப பூசை?"

"அப்பா, கடவுள் லேபல் செக் பண்ணமாட்டார்."

கெட்டிக்காரிதான். ஆனால் எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. கண்ணை மூடினால் தெரிவது மனைவியின் சமாதானமான முகம் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிற முகம். மூன்றாவது கிழமை சனிக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, பீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போய்ச் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சீனி என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அவர் நாற்பது வயதுக்காரர். கேட்டு முடித்து, அலுமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார். உள்ளே எங்கள் போத்தல். மூடி உடைக்கப்படவில்லை.

"அண்ணை, நாங்கள் எந்த வைனையும் பீடத்திலை வைக்கேலாது. அதுக்கெண்டு அனுமதிச்ச வைன் இருக்கு. அதைத்தான் அண்டைக்கும் வைச்சனான். பூசையிலை ஒரு குறையும் இல்லை."

"ஏன் சுவாமி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அழுதுகொண்டு நிண்டியள். எப்பிடிச் சொல்லுறது?"

"நான் குடிக்கேக்கை நெல்லிக்காய் மாதிரி இருந்தது, சுவாமி. அவ சொன்ன மாதிரியே."

அவர் பையை என் கையில் தந்தார். "எங்கடை வைன் நல்ல இனிப்பு, அண்ணை. இந்த வைனை நீங்கள் முதல் குடிச்சிருக்கிறியளே?"

"இல்லை," என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. குடித்ததே இல்லை.

பூசை செல்லும். அந்த நிம்மதி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுடைய போத்தல் பீடத்தில் ஏறவே இல்லை. அவள் பக்கத்தில் நின்றாள் என்று நான் ஐந்து கிழமையாகப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாரோ வாங்கிய இனிப்பு வைன். சந்தோஷப்படுவதா, மனம் நோவதா என்று தெரியாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திருகினேன். தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். புளி. பல்லுக் கூசியது. நெல்லிக்காயும் இல்லை, சீனியும் இல்லை. இதற்காகவா இத்தனை பாடு என்று கோப்பையைத் தள்ளி வைத்தேன். பிறகு அந்தக் கொட்டிலும், நான் வெட்கப்பட்டதும் ஞாபகம் வந்தன. அவள் தண்ணீர் குடித்த பிறகுதானே அதைச் சொன்னாள்.

எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

இனித்தது. தொண்டை வரைக்கும் இனித்தது.

"ஓமப்பா, நீர் சொன்னது சரி," என்று அடுப்புப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன். ஒருவரும் இல்லை.