என் மனைவி அடித்த கனெக்டிங் ராடு

முதல் ராடு பதினோரு நிமிடம் ஓடியது. விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இரும்புச் சட்டத்தில் இறுக்கி வைத்திருந்த எஞ்சினை என் மனைவி ஸ்டார்ட் செய்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் கதவோரம் நின்றேன். சத்தம் சீராகத்தான் இருந்தது. திடீரென்று நிறைகுடம் மாடியிலிருந்து விழுந்ததுபோல் ஓர் ஒலி. எஞ்சின் நின்றுவிட்டது. அதன் அலுமினியப் பெட்டியில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆயில் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் பெட்ரோல் குழாயை அடைத்தாள். பிறகு திரும்பி, "ஒங்களுக்கு ஒண்ணும் படலையே?" என்று கேட்டாள். இல்லை என்றதும் குனிந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.

அவள் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள். போல்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்ததை அளந்து, சரியா தப்பா என்று பிரித்து வைப்பது அவள் வேலை. நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர்; ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதே எனக்கு யோசித்தால்தான் தெரியும். நாற்பது வயதில் ஒருநாள் அவள், ஒரு மோட்டார் சைக்கிளை எஞ்சினோடு சேர்த்துத் தானே செய்யப்போவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"இருபது வருசமா அடுத்தவங்க செஞ்ச சாமானையே அளந்துக்கிட்டு இருக்கேன். நான் செஞ்ச ஒண்ண அளந்து பாக்கணும்ங்க."



பிஸ்டன், பேரிங், கார்புரேட்டர், டயர் இவையெல்லாம் கடையில் வாங்கியவை. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. மீதி எல்லாம் அவள் கைவேலை. இரண்டு தெரு தள்ளி அவளுடைய தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மெஷின்கள் சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் பெட்டியைக் கடைந்தாள், ஃபிரேமுக்குக் குழாய் வளைத்தாள். பிஸ்டனின் ஓட்டத்தைக் கிராங்க் தண்டின் சுழற்சியாக மாற்றுகிற கனெக்டிங் ராடை மட்டும் தடித்த இரும்புத் தகட்டிலிருந்து அறுத்து எடுத்திருந்தாள். அதுதான் உடைந்தது.

அன்று மாலை உடைந்த இரண்டு துண்டுகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோசை ஆறிப்போனது. தம்பி வந்து பார்த்துவிட்டு, இன்னும் தடித்த தகட்டில் இரண்டே நாளில் வேறொன்று அறுத்துத் தருவதாகச் சொன்னான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பலகையில அறுத்த கவட்டைய வச்சு உண்டிவில் அடிச்சிருக்கியா? ரெண்டு இழுப்புல ஒடிஞ்சிரும். மரத்துல தானா வளந்த கவட்டை ஒடியாது. நாரு வளைஞ்சு போயிருக்கும்ல, அதான். இரும்புக்கும் நாரு இருக்குடா. அறுத்தப்ப நான் அத வெட்டிட்டேன். காய்ச்சி அடிச்சா அது ராடு வளைஞ்ச பக்கமே வளையும்."

"யாருக்கா அடிக்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள்.

கொட்டகைக்குள் செங்கல்லில் ஒரு உலை கட்டினாள். காற்றுக்குப் பழைய கூலரிலிருந்து கழற்றிய ஃபேன். பட்டறைக் கல்லுக்குப் பதிலாக முழங்கால் உயரத் தண்டவாளத் துண்டு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்தாள். இரும்பு, கழித்துப் போட்ட லாரி அச்சு. லட்சம் மைல் பாரம் தாங்கின இரும்பு என்று அதைத் தட்டிக்கொடுத்தாள். காய்ந்த இரும்பின் நிறம் வெயிலில் தெரியாது என்பதால் கொட்டகையின் ஜன்னல்களில் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டாள். சித்திரை வெயிலில், கம்பளி மூடிய தகரக் கொட்டகையில், எரியும் உலைக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வேலை சம்மட்டி அடிப்பது. அவள் இடது கையில் குறடால் இரும்பைப் பிடித்துக்கொள்வாள். வலது கையில் சிறிய சுத்தியல். சுத்தியலால் அவள் எந்த இடத்தைத் தொடுகிறாளோ அந்த இடத்தில் நான் அடிக்க வேண்டும். சுத்தியலைத் தண்டவாளத்தின் மேல் படுக்க வைத்தால் நிறுத்த வேண்டும். அந்த ஓசையில் வாயால் எதுவும் சொல்ல முடியாது. பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் பேசாமலே இவ்வளவு புரிந்துகொண்டது அந்தக் கொட்டகையில்தான்.

முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடித்ததில் பாதி தண்டவாளத்தில்தான் விழுந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. அவள் ஒரு தடவைகூடக் கடிந்துகொள்ளவில்லை. பழைய ஈயத் துண்டு ஒன்றைக் கொடுத்து, தினமும் வேலை முடிந்து வந்ததும் இருபது அடி அதில் அடித்துப் பழகச் சொன்னாள்.

பக்கத்து வீட்டில் ஒரு கோயில் குருக்கள் குடியிருந்தார். விடியுமுன் எழுந்து கோயிலுக்குப் போகிறவர், உச்சிக்காலப் பூஜை முடிந்து பன்னிரண்டரைக்கு வீடு திரும்பி, சாயரட்சை வரை சற்றுக் கண்ணயர்வார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, கோபமே இல்லாமல், தூங்க முடியவில்லை என்று சொன்னார். மனைவி மன்னிப்புக் கேட்டு, இனிமேல் பன்னிரண்டரைக்குப் பிறகு ஒரு அடியும் விழாது என்றாள்.

அதற்கடுத்த வாரம் ஒருமுறை இரும்புக்குக் காய்ச்சல், அதாவது உலைச் சூடு, அருமையாக ஏறியிருந்தது. பழுத்த ஆரஞ்சு நிறம், இன்னும் நாலே அடியில் கழுத்துப் பகுதி முடிந்துவிடும். நான் சம்மட்டியைத் தூக்கினேன். வெளியே குருக்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவள் சுத்தியலைப் படுக்க வைத்துவிட்டாள். இரும்பை அப்படியே சாம்பலுக்குள் புதைத்து ஃபேனை நிறுத்தினாள். நாலு அடிதானே என்று நான் முணுமுணுத்தேன். சொன்ன சொல்லில் நாலு அடி கழிவு கிடையாது என்றாள்.

அடித்ததில் முதல் இரண்டு ராடுகள் உருவம் சரியாக வராமல் கழிந்தன. மூன்றாவது அளவுக்கு மீறிக் காய்ந்து மத்தாப்பாய்ப் பொறி சிதறிக் கெட்டது. நான்காவது, என் கண்ணுக்கு, அழகாக வந்தது. இரண்டு முனையும் தடித்து, நடுவில் இடுப்பு சிறுத்து, கையில் எடுத்தால் வைக்க மனம் வராத ஒரு பொருள். அதைப் பல வாரம் மாலைகளில் அரம் போட்டாள். பிறகு காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாள். அப்பளம் பொரித்த எண்ணெயைச் சேர்த்து வைத்திருந்தாள். மூன்று நாள் வீடு முழுக்க பஜ்ஜிக் கடை வாசம். மறுபடி மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்துப் பதப்படுத்தினாள்.

எல்லாம் முடிந்த பிறகு அதன் மேல் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து தூளை நனைத்துக் காட்டிவிடுமாம். பத்து நிமிடம் காத்திருந்தோம். வெள்ளைத் தூளின் மேல், கழுத்துக்குக் கீழே, ஒரு கோடு தெரிந்தது. கண்ணிமை மயிர் அளவுதான்.

எனக்கு அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரியும். அந்த இடத்தில் நான் ஒரு அடி பிசகியிருந்தேன். சம்மட்டியின் விளிம்பு இறங்கி, இரும்பில் படிக்கட்டுபோல ஒரு படி விழுந்தது. அடுத்த அடி அந்தப் படியை மடித்து உள்ளே அமுக்கிவிட்டது. மேலே வழவழப்பாகிவிட்டதால் நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு வாரமும் அவள் அரம் போடுவதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

அன்று சொல்லிவிட்டேன். அது என் அடி என்றேன்.

"தெரியும்" என்றாள். "சுத்தியலப் படுக்க வச்சு நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. காய்ச்சல் நல்லா இருக்கு, ஒட்டிக்கிரும்னு நெனச்சேன். அது என் தப்புங்க, உங்க தப்பு இல்ல."

கோடு இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, ஓடாதா என்று கேட்டேன். எனக்கு அந்த ராடின் மேல் அத்தனை ஆசை.

"ஓடும். எம்புட்டு நாளைக்குன்னுதான் தெரியாது. தொழிற்சாலையில இதே கோடு உள்ள போல்ட்ட நான் செவப்புப் பெட்டியில போடுறேன். என்னுதுன்னா மட்டும் பச்சைப் பெட்டியா?"

தண்டவாளத்தில் வைத்துச் சம்மட்டியால் ஒரே அடியில் அதை வளைத்தாள், ஆசையில் மறுபடி எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று. பிறகு உள்ளே போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் தளர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு மாலைதான். மறுநாள் வேலைக்குப் போகும்முன், லாரி அச்சில் அடுத்த துண்டுக்குச் சுண்ணாம்பால் கோடு கிழித்து வைத்திருந்தாள்.

ஐந்தாவது ராடு ஆடி மாதத்தில் முடிந்தது. அதை அடிக்கும்போது என் கை ஒருமுறை தடுமாறப் பார்த்தது. நானே சம்மட்டியை இறக்கி வைத்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, இரும்பை மறுபடி உலையில் வைத்தாள். இந்த முறை சாக்பீஸ் தூள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு மணி நேரம் வரை அவள் நம்பவில்லை; துடைத்துவிட்டு இன்னொரு முறை தூவினாள்.

புதிய எஞ்சின் பெட்டியைத் தம்பியோடு சேர்ந்து கடைந்து, எல்லாவற்றையும் பூட்டி ஓடவிட்டபோது பதினோராவது நிமிடத்தில் நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வந்தது. அரை மணி ஆனது. ஒரு டாங்க் பெட்ரோல் தீரும் வரை அவள் நிறுத்தவில்லை. தீர்ந்ததும் எஞ்சினைப் பிரித்து, ராடை அளந்து, துளியும் மாறாத அந்த அளவை என்னிடம் இரண்டு முறை வாசித்தாள்.

எஞ்சினை ஃபிரேமில் பூட்டியதும் வண்டி தயார். ஆனால் வீட்டில் செய்த வண்டிக்கு ரோட்டில் ஓட அனுமதி கிடையாது. அதனால் மினி லாரியில் ஏற்றி, அழகர்கோவில் மலையடிவாரத்தில் இருக்கும் அவளுடைய சித்தப்பா தோப்புக்குக் கொண்டு போனோம். தென்னைக்கு நடுவே மாட்டு வண்டிப் பாதை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேராகப் போகும். அவள் சுடிதாரின் துப்பட்டாவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தாள். வண்டி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. சத்தம் மட்டும் தொலைவில் தேய்ந்து, மறுபடி வளர்ந்து வந்தது. திரும்பி வந்து நின்றபோது அவள் முகமெல்லாம் புழுதி. ஹெல்மெட்டைக் கழற்றினாள். டாங்கின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி வண்டி என்று ஒருவர் கேட்டார். வீட்டில் செய்தது என்று அவள் சொன்னதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். எஞ்சினும் நீ செய்ததா என்றார். அதற்குள் இருக்கும் இரும்பைக்கூட வீட்டில்தான் அடித்தோம் என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

"ஏந்தாயி, கெணத்துத் தண்ணி இறைக்க இப்பிடி ஒரு எஞ்சினு செஞ்சு தருவியா? கரண்டு வாரதும் போறதுமா இருக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஒரு குச்சியை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"கெணறு எம்புட்டு ஆழம்ண்ணே?" என்று கேட்டாள்.