தெய்வசிகாமணி கைவிரித்த இஞ்சின்

திங்கட்கிழமை காலை எங்கள் மதுரை கார் ஏஜென்சிக்குப் போன் வந்தது. தெய்வசிகாமணி இறந்துவிட்டார், இதயம் நின்றுவிட்டதாம். "சரியாப் பராமரிச்சிருக்க மாட்டாரு. கம்பெனி பொறுப்பில்ல" என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேர் வெளியே போனார்கள். பத்து வருடத்துக்கு மேல் கூட வேலை பார்த்த மனிதருக்கு நாங்கள் செய்த முதல் மரியாதை அது. அவரை அறிந்த நீங்கள் எங்களைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கார் வாங்கியவர்கள் இஞ்சின் கோளாறு என்று புகார் எழுதினால், நேரில் போய்ப் பார்த்து, பழுதுச் செலவைக் கம்பெனி திருப்பித் தரலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர் அவர். நான் அவருடைய டைப்பிஸ்ட். அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "நாம கோபப்பட்டா புகார்க்காரன் வாயை மூடிக்குவான். பாராட்டிப் பாருங்க, கேக்காததையும் சொல்லுவான்" என்பார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பதை இவ்வளவு மரியாதையாகச் செய்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் பெருமாள்மலையிலிருந்து குருசாமி என்ற டாக்சிக்காரரின் புகார் வந்தது. கிளாவரையில் இருந்த பூண்டுத் தோட்டத்தை விற்று, அவரும் அவர் தம்பி பழனியாண்டியும் சேர்ந்து வாங்கிய புதுக் கார். கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிப் போவார்கள். வருடம் திரும்புவதற்குள் இஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டுவிட்டது. கடன் வாங்கிப் பழுது பார்த்திருந்தார்கள். அந்தச் செலவு திரும்பி வந்தால்தான் வண்டி அவர்களிடம் இருக்கும்.

நாங்கள் மலைக்குப் புறப்பட்டபோது தெய்வசிகாமணியின் பையில் கார் கம்பெனி அனுப்பிய ஒரு சர்க்குலர் இருந்தது. அதற்கு நகல் அடித்தவன் நான். அந்த வரிசை இஞ்சின்களின் வார்ப்பிலேயே குறை இருக்கிறது, ஓட்டியவர்மேல் தவறு இல்லையென்றால் செலவைக் கொடுத்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. ஆக, அவருக்கு ஒரு தவறு வேண்டும். தவறு கிடைக்காமல் அவர் எந்த ஊரை விட்டும் திரும்பியதில்லை.

குருசாமி வீட்டில் காப்பியைக் குடித்துக்கொண்டே, "வண்டியைப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்களே! இந்த ஏத்தத்துல சூடு எப்படித் தாங்குது?" என்று தெய்வசிகாமணி கேட்டார்.

குருசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதெல்லாம் கண்ணும் கருத்துமா இருப்போமுங்க. வெள்ளி அருவிகிட்ட நிறுத்துன உடனே எந்தம்பி வெரசா எறங்கி, பச்சைத் தண்ணிய மோந்து ரேடியேட்டர் நெறைய ஊத்திருவான். ஒரு நாளும் தவற மாட்டான்."

"ஆறுற வரைக்கும் காத்திருக்க மாட்டீங்களோ?"

"ஆளுக உள்ள உக்காந்து கெடக்கையில அதுக்கு ஏதுங்க நேரம்? கொதிக்கக் கொதிக்கத்தான்."

அண்ணன் வாயால் பாராட்டுக் கேட்ட பழனியாண்டி வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்த மலையில் ஓடிய டாக்சிகள் எல்லாமே அருவித் தண்ணீரை அப்படித்தான் குடித்தன. வேறு எந்த வண்டியும் விரிசல் விடவில்லை. அது எனக்கும் தெரியும், தெய்வசிகாமணிக்கும் தெரியும். அவர் இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மதுரைக்கு வந்ததும் கடிதம் சொன்னார். கொதிக்கும் இஞ்சினில் தங்கள் சகோதரர் குளிர்ந்த நீரை ஊற்றியதாகத் தாங்களே கூறியபடியால், பழுதுச் செலவைத் திருப்பித் தர இயலாது. 'தங்கள் சகோதரர்' என்பதை மட்டும் நான் விட்டுவிட்டு அடித்தேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான். அவர் படித்துப் பார்த்துவிட்டுத் தம் கையாலேயே அதை மேலே எழுதிச் சேர்த்தார். "யாருன்னு தெளிவா இருக்கட்டும். அவங்களுக்குள்ளயே அடிச்சுக்குவாங்க. நமக்கு மறு கடிதம் வராது" என்றார். வரவும் இல்லை.

தெய்வசிகாமணியின் இறுதிச் சடங்குக்குக் குருசாமி வந்திருந்தார். இப்போது யாருடைய லாரியிலோ சம்பளத்துக்கு ஓட்டுகிறாராம். காய்கறி மூட்டை இறக்க மதுரைக்கு வந்த இடத்தில் சேதி கேள்விப்பட்டு, மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "நம்ம வீட்டுல காப்பி குடிச்ச மனுசருங்க. சோலி கெடக்குன்னு வராம இருக்கலாமா?" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதாக நினைத்துத் தம்பியைப் பற்றி விசாரித்தேன்.

"அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கே வெளிய போடான்னுட்டேன். எங்க கெடக்கான்னு தெரியாது. ஆத்தா செத்ததுக்கும் வரல" என்றார். பிறகு என் பக்கம் நெருங்கி வந்தார். "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமுங்க. கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. நெசமாவே அவன் ஊத்துன தண்ணிதானா? இஞ்சினு மேல ஒரு குத்தமும் இல்லையே? இருந்தா சொல்லிருங்க, எங்க இருந்தாலும் தேடிப் போயி அவன் கால்ல விழுந்துருவேன்."

உண்மையைச் சொன்னால் தடுக்கத் தெய்வசிகாமணி இனி இல்லை. ஆனால் ஏஜென்சி இருக்கிறது. அவர் பார்த்த வேலையை அடுத்த மாதத்திலிருந்து எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று சொல்லித்தானே இந்த அஞ்சலியை முடிக்க வேண்டும்? குருசாமியின் தோளில் கை வைத்தேன். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "தண்ணிதாங்க. நீங்க வருத்தப்படாதீங்க" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டு லாரிக்குப் போனார்.