மலையும் கத்தரிக்காய் மாலையும்

எங்கள் ஊரில் ஒரு மலை இருக்கிறது. நில அளவை படித்து முடித்த கையோடு, யாரும் கேட்காமலேயே கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அதை அளந்தேன். முப்பத்தெட்டு மீற்றர். வீட்டில் சொன்னபோது கருவியில்தான் பிழை என்றார் அப்பா. நெடுங்கேணியிலிருந்து உள்ளே வரும் பாதையில், காட்டுக்கு மேலே அந்தக் கரும்பாறையின் முதுகு தெரிந்தால் ஊர் வந்துவிட்டதென்று பஸ்ஸில் இருப்பவர்கள் பைகளை எடுத்து மடியில் வைப்பார்கள். சுற்றிவர வயலும் குளமும் காடும் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில், அதைவிட உயரமான ஒன்றைப் பார்த்திராதவர்களுக்கு அது மலைதான்.

அது மலை இல்லை என்று முதலில் சொன்னவர் சித்தி. சித்தப்பாவைக் கலியாணம் கட்டி, மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த முதல் வாரத்தில், நான் பெருமையோடு கையை நீட்டி மலையைக் காட்டினேன். அவர் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் தேடினார்.

"எங்க பாப்பா? அந்தப் பாறைக்குப் பின்னாலயா?"

அந்தப் பாறைதான் மலை என்று நான் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அம்மாவிடம் முறையிட்டபோது, "அவையின்ர மலையில தேயிலைதான் இருக்கு. எங்கட மலையடியில பிள்ளையாரே இருக்கிறார்" என்று கதையை முடித்துவிட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் கழித்து, எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஊர் விளையாட்டுக் கழகம் பொங்கலை அடுத்த ஞாயிறு மலை ஓட்டம் என்று அறிவித்தது. பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, குளக்கட்டு வழியாகப் போய், ஓடையைக் கடந்து, காட்டுப்பாதையில் நுழைந்து, மலை உச்சியில் கையில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு அதே வழியால் திரும்ப வேண்டும். வவுனியாவிலிருந்து வரவிருந்த விளையாட்டு உத்தியோகத்தர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஐந்து பெண்களாவது ஓடி முடித்தால்தான் பெண்கள் போட்டியைப் பதிவார், சான்றிதழ் தருவார்.

அந்தச் சான்றிதழ் அக்காவுக்கு வேண்டியிருந்தது. மாவட்ட அணித் தெரிவுக்கு அதைக் காட்ட வேண்டும். அக்காவும் அவருடைய இரண்டு சிநேகிதிகளும் சேர்ந்து மூன்று பேர். சித்தியைக் கேட்டபோது, "ஓடிட்டாப் போச்சு" என்றார். ஐந்தாவது ஆளாக ஊரில் கேட்கக் கூடிய எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு அக்கா என்னிடம் வந்தார்.

ஓட முடியாததற்கான காரணங்களை ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதிக் கொடுத்தேன். ஒன்று, எனக்கு ஓட விருப்பமில்லை. இரண்டு, காட்டில் பாம்பு இருக்கும். மூன்று, கத்தரிக்காய் மாலை.

முதல் இரண்டையும் அக்கா உடனேயே வெட்டிவிட்டார். மூன்றாவதைப் பார்த்து யோசித்தார். அது யோசிக்க வேண்டிய விடயம்தான். எங்கள் கழகத்தின் ஓட்டங்களில் கடைசியாக வருபவருக்கு ஊதாக் கத்தரிக்காய்களை நூலில் கோத்து மாலை போடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தை ஒருமுறை சுற்றி வரவேண்டும். ஒலிபெருக்கி கூடவே வரும். ஒரு வருடம் அதைப் போட்ட அண்ணா ஒருவரை ஊர் இன்றைக்கும் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுகிறது. அவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

"நீ கடைசியா வரமாட்டாய்" என்றார் அக்கா. "சித்தியும் ஓடுறா எல்லோ. ரெண்டு வருசமாக் குசினிக்குள்ள நிக்கிற பெரிய பொம்பிளை. அவாவை வெண்டாப் போதும்."

அந்தக் கணக்கில் பிழை ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொண்டேன்.

சனி இரவே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. ஞாயிறு காலை ஆண்கள் ஓட்டம் தூறலோடு முடிந்தது. எங்கள் முறை வந்தபோது காற்று பந்தல் தறப்பாளைப் பிடுங்கிக்கொண்டு போய் வாகைமரத்தில் போட்டுவிட்டது. இன்னொரு நாள் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உத்தியோகத்தருக்கு இன்னொரு நாள் இல்லை. சித்தப்பாவின் நீளக் கழிசானைப் போட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சித்தி வந்து நின்றதைப் பார்த்த அம்மா, மழையையும் மறந்து, "உதென்ன கோலம்?" என்றார்.

"சேலை கால்ல சுத்திக்கும்க்கா."

உத்தியோகத்தரின் மேசை மூலையில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் கழுவப்பட்டு ஒவ்வொரு காயும் பளபளத்தது. இருபத்திரண்டு காய்கள். எண்ணினேன்.

விசில் ஊதியதும் அக்காவும் சிநேகிதிகளும் மழைக்குள் மறைந்துபோனார்கள். குளக்கட்டில் காற்று பக்கவாட்டில் வந்து எங்களைத் தள்ளியது. அலை கல்லில் அடித்துக் கட்டுக்கு மேலே தெறித்தது. சித்தி எனக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் வந்துகொண்டிருந்தார். நான் நினைத்ததைவிட மோசமாக ஓடினார். கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை, "பொறு பாப்பா, மூச்சு வாங்குது" என்று நிற்பார். எனக்கு மூச்சு முட்டுகிற இடங்களிலேயே அவருக்கும் முட்டியது எனக்கு வசதியாக இருந்தது. நானும் நின்று, இடுப்பில் கை வைத்து, பெரிய மனுசி போல அவருக்காகக் காத்திருந்தேன்.

முழங்கால் அளவு ஓடையைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தோம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுவிட்டோம். வலப்பக்கப் பாதை மலைக்குப் போகும், இடப்பக்கப் பாதை மலையடிப் பிள்ளையாரிடம் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேனா, அதற்கு எதிர்மாறாகக் கேள்விப்பட்டிருந்தேனா என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வெயில் நாளில் அண்ணாந்தால் பாறை தெரியும். அன்று பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளைப் புகை. பாதை தெரிவதற்காகக் கழகக்காரர்கள் காலையில் மரக்கிளைகளில் பச்சைக் குழை முறித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் காட்டுக்குள் போகும் எவரும் பிள்ளையாரே காவல் என்று ஒரு குழையை முறித்துக் கிளையில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். விறகுக்குப் போகும் தங்கள் தாய்மார் தினமும் செய்கிற காரியம் அது என்பது குழை கட்டிய ஒருவருக்கும் நினைவில்லை.

"சித்தி, ரெண்டு பக்கமும் குழை" என்று அழத் தொடங்கினேன்.

சித்திக்கு அந்த வழக்கம் தெரியாது. "ரெண்டு பக்கமும் போகச் சொல்றாங்களா?" என்று சிரித்தார். பிறகு குந்தியிருந்து தரையைப் பார்த்தார். இடப்பக்கப் பாதையில் தண்ணீர் தேங்கி நின்றது. வலப்பக்கப் பாதையில் மணலையும் சின்னக் கற்களையும் உருட்டிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது.

"தண்ணி மேட்டுல இருந்துதான் வரும். வா, இப்படிப் போவோம்."

பாறையில் நாலு காலால் ஏறினேன். கால் வழுக்கும்போதெல்லாம் குதிக்குக் கீழே ஏதோ ஒன்று தாங்கியது. பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோதுதான் அது சித்தியின் கை என்று தெரிந்தது.

உச்சியில் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நாடாக்களோடு சித்தப்பா நடுங்கிக்கொண்டு நின்றார். நாடா கட்டுவது அவருடைய வேலை.

"மற்றாக்கள் எங்கை?"

"அவை எப்பவோ முன்னுக்குப் போயிட்டினம்" என்றேன்.

"இஞ்ச ஒருத்தரும் வரேல்லை. நீங்கள்தான் முதல்."

முதல். அந்தச் சொல் என் காதுக்குள் போய் இருந்துகொண்டது. அக்காவும் சிநேகிதிகளும் பிள்ளையார் பக்கம் போயிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. அது எனக்குக் கவலையாக இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். சித்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்கோ சித்தி, ஓடுவம். நான் முதலாவது, நீங்கள் ரெண்டாவது."

"அஞ்சு பேரும் வரணும்ல பாப்பா. அந்தப் பக்கம் பள்ளம் வேற. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும்."

தான் போய்க் கூட்டிவருவதாகச் சித்தப்பா சொன்னார். சித்தி அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "நீங்க போனா நாளைக்குத்தான் வருவாங்க" என்றார். சொல்லிவிட்டு ஓடினார்.

நான் அதுவரை பார்த்திருந்ததெல்லாம் ஓட்டமே இல்லை. அந்த ஈரப்பாறையில் அவர் கால் எந்த இடத்திலும் முழுதாகப் படியவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை விரித்து, ஒரு வெடிப்பிலிருந்து அடுத்த வெடிப்புக்குத் தண்ணீர் இறங்குவதைப் போல இறங்கி மரங்களுக்குள் போய்விட்டார். சித்தப்பா வாயைத் திறந்தபடி நின்றார். கலியாணம் கட்டிய பிறகு அவரும் அன்றைக்குத்தான் பார்த்தார் போலும்.

உரப்பைக்குள் சித்தப்பாவோடு ஒண்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஆயிரத்து நூற்றுப் பத்து எண்ணியபோது கீழே தலைகள் தெரிந்தன. அக்காவின் முழங்காலில் இரத்தம். வலியைவிடக் கோபத்தில்தான் அழுதுகொண்டு வந்தார்.

"ஆர் ரெண்டு பக்கமும் குழை குத்தினது? ஆரெண்டு எனக்குத் தெரிய வேணும்!"

சித்தப்பா மிகுந்த கவனத்தோடு நாடாவை நீவிக்கொண்டிருந்தார்.

ஐந்து பேரும் சேர்ந்தே இறங்கினோம். ஓடை இப்போது பெரியவர்களின் இடுப்பளவில் சுழித்துக்கொண்டு ஓடியது. மற்ற மூவரும் கை கோத்துக்கொள்ள, சித்தி என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு கடைசியாக இறங்கினார். (ஒருவரை ஒருவர் சுமக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை, பிறகு விசாரித்தேன்.) அவர் காலில் போட்டிருந்தது சித்தப்பாவின் சப்பாத்து. முன்பக்கம் துணி அடைத்திருந்தும் அது அவருக்குப் பெரிது. நடு ஓடையில் முதலில் ஒன்றும் பிறகு மற்றதும் கழன்று, வாத்துச் சோடி போல மிதந்து போயின. "போயிட்டு வாங்க!" என்று சித்தி அவற்றுக்குச் சொன்னார். நான் முதுகில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தேன்.

கரையேறியதும் அக்காவும் சிநேகிதிகளும் காற்றாய்ப் பறந்தார்கள். நானும் சித்தியும் குளக்கட்டில் பின்தங்கினோம். பள்ளிக்கூட வாசல் தெரிந்தது. குடைகள் தெரிந்தன. மேசை மூலையில் அந்த ஊதா நிறமும் தெரிந்தது. சித்தி இப்போது பின்னால் இல்லை, எனக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவும் இல்லை. அவர் பாறையில் இறங்கியதைப் பார்த்தவள் நான். நினைத்தால் அடுத்த நொடியே என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். இருபத்திரண்டு காய்களும் கழுத்தில் கனப்பது போல இருந்தது. விம்மல் வந்துவிட்டது.

வாசலுக்கு ஐம்பது அடி இருக்கும். சித்தி சட்டென்று நின்று குனிந்தார்.

"சப்பாத்துக்குள்ள கல்லு பாப்பா. நீ ஓடு, நான் எடுத்துட்டு வர்றேன்."

நான் நிற்கவில்லை. பாவம் என்றும் நினைக்கவில்லை. அந்தக் கல்லுக்குப் பிள்ளையாரிடம் நன்றி சொல்லிக்கொண்டே ஓடினேன். நாலாவது.

"மலைநாட்டிலயிருந்து வந்து எங்கட மலையில கடைசி!" என்று ஒலிபெருக்கி கத்தியது. மழையில் நனைந்தபடி சனம் சிரித்தது. கத்தரிக்காய் மாலையைக் கழுத்தில் போட்டபோது சித்தி கல்யாணப் பெண் போலத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். மைதானத்தைச் சுற்றி முடித்ததும், மலையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த சித்தப்பாவின் முன்னால் நின்று, மாலையைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாங்க, இன்னொரு வாட்டி மாத்திக்குவோம்."

அம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் எங்கள் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் கத்தரிக்காய்க் குழம்பு. ஐந்து பேர் ஓடி முடித்ததாக உத்தியோகத்தர் எழுதினார். அக்காவுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

நானும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஒன்று, அக்கா. இரண்டும் மூன்றும் சிநேகிதிகள். நாலு, நான். ஐந்து, சித்தி. நாலுக்குக் கீழே இரண்டு கோடு. பாறையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. ஆனால் எழுதி வைத்திருந்தது இது. எழுதியதைத்தான் நம்பினேன். பெரியவளான பிறகும், வீட்டுக்கு யாராவது வந்தால் கேட்பேன்.

"சித்தி, நான் உங்களை வெண்டனான் எல்லோ?"

"ஆமா பாப்பா. அந்தக் கல்லு மட்டும் இல்லன்னா…" என்று தலையை ஆட்டுவார்.

போன மாதம் வாய்க்கால் ஒன்றை அளந்துகொண்டிருந்தபோது என் சப்பாத்துக்குள் ஒரு கல் புகுந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, சப்பாத்தைக் கழற்றித் தட்டினேன். கல் விழுந்தது. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். வாசலுக்கு ஐம்பது அடியில் சித்தி குனிந்து நின்றபோது அவர் வெறுங்காலோடு நின்றார். சித்தப்பாவின் சப்பாத்து இரண்டும் அப்போது ஓடையோடு வெகுதூரம் போயிருக்கும்.