வேலிச் செலவை மிச்சம் பிடித்தேன்

போன கிழமை மருமகள் பேத்தியை முழுகவார்த்துவிட்டு, ஈரத்தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதற்காகக் காஸ் அடுப்பில் ஒரு சிரட்டையை வைத்து எரித்தாள். கொழும்பில் ஐந்தாம் மாடி வீடு. புகை கதவிடுக்கால் வெளியே போக, எதிர்வீட்டுக்காரர் வந்து தட்டி, ஏதும் பற்றிக்கொண்டதா என்று கேட்டார். இல்லையென்றதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். வருடக்கணக்காக எதிரெதிரே இருக்கிறோம். அவருக்கு மீசை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருமகளுக்கு அது குழந்தை முழுகிய மணம். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தின் மணம். சிரட்டைக் கரி கனலும் ஸ்திரிக்கைப்பெட்டி, தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்த வெள்ளைச் சேட்டு, விடிந்தால் கந்தோர் வேலை என்ற அலுப்பு எல்லாம் அந்த மணத்துக்குள் இருந்தன. அந்தப் பெட்டி எங்களுடையதல்ல என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தெல்லிப்பழையில் பிறந்து சண்டிலிப்பாய்க்கு மாப்பிள்ளையாகப் போனவன். வீடும் வளவும் கிணறும் என் மனைவி பூரணத்தின் சீதனம். அந்த வளவில் என்னுடையதென்று சொல்ல ஒரு சைக்கிளும் கல் கிண்ட நான் வாங்கிப்போட்ட ஓர் அலவாங்கும்தான் இருந்தன. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சீனி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பேக்கரியில் பாணுக்கு விடியமுதலே வரிசை. மிளகாயும் வெங்காயமும் போட்ட தோட்டக்காரர்களின் கையில் காசு புழங்கியது. மாதச் சம்பளக்காரர்களாகிய நாங்கள் வெள்ளைச் சேட்டும் வெறும் பையுமாகத் திரிந்தோம். ஆனால் மிச்சம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். இந்த விஷயத்தில் அடக்கம் காட்டப்போவதில்லை. கிழமை நாட்களில் கந்தோர் என்னைத் தின்றது. சனியும் ஞாயிறும் நான் செலவைத் தின்றேன்.

சனி காலையில் மழுங்கிய சவர பிளேட்டைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்ப்பேன். நாலைந்து சவரத்துக்கு அது மறுபடி உயிர்பெறும். அதே பிளேட்டால் நெருப்புக்குச்சிகளை நெடுக்காகப் பிளப்பேன். மருந்து உதிராமல் பிளப்பதற்குக் கைப்பக்குவம் வேண்டும். ஒரு பெட்டி இரண்டு பெட்டியாகிவிடும். கரைந்த சவர்க்காரத் துண்டுகளை ஒன்றாக அமத்திப் புதுக்கட்டி பிடிப்பேன். அது மூன்று நிறத்தில் இருக்கும், மணம் எந்த நிறத்துக்கும் சேராது. தேத்தண்ணிக்குள் சீனி போடுவது எங்கள் வீட்டில் இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். கரைந்துபோகிற சீனியை நாக்கு கவனிக்காது, கையிலிருக்கிற சீனியைக் கவனிக்கும் என்பது என் வாதம். கந்தோரில் நல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற மனிதன் வீட்டில் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை. அப்போது இருக்கவில்லை.

என் கெட்டித்தனத்தில் பாதி ஒரு பொட்டால் வந்தது என்பதை அந்த நாளில் நான் உணரவில்லை. பொட்டு என்றால் வேலியில் ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஓட்டை. எங்களுக்கும் அயலுக்கும் நடுவே கிளுவைக் கதியால் நட்டுக் கிடுகு கட்டிய வேலி. அதில் கிணற்றடிக்குக் கிட்ட அந்தப் பொட்டு. எனக்குக் கலியாணம் நடக்க முன்னரே, பூரணம் சின்னப்பிள்ளையாய் இருந்த காலத்திலேயே அது இருந்தது. அந்தப் பக்கம் மணியக்காவும் அவளுடைய புருஷன் சின்னத்துரை அண்ணையும். அவர் புகையிலைத் தோட்டக்காரர், சத்தமாகச் சிரிப்பவர். மணியக்காவும் பூரணமும் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

காலையில் எந்த வீட்டு அடுப்பு முதலில் எரிகிறதோ அங்கிருந்து ஒரு பொச்சுமட்டையில் நெருப்பு மற்ற வீட்டுக்குப் பொட்டால் போகும். குச்சி செலவில்லை. தேங்காய் துருவுகிற திருவலை எங்களுடையது. மிளகாய் இடிக்கிற உரல் அவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஒன்றுதான். காலையில் என்னிடம், மத்தியானம் அவர்களிடம். பின்னேரம் ஸ்திரிக்கைப்பெட்டி வரும். பெட்டி அவர்களுடையது, சிரட்டை எங்களுடையது. அவர்கள் அழுத்தி முடித்து, தணல் ஆறமுதல் மணியக்கா குனிந்து பொட்டுக்குள்ளால் நீட்டுவாள். "தம்பி, சூடு. பாத்துப் பிடியுங்கோ." ஒரே தணலில் இரண்டு வீட்டு உடுப்பும் மடிப்பாகிவிடும்.

பிறகு கோயில் அன்னதானத்தில் ஒரு சம்பவம். பந்தி பரிமாறிக் களைத்து ஆம்பிளைகள் வேப்பமர நிழலில் இருந்தோம். யாரோ சுருட்டுப் பற்றவைக்க நெருப்புப்பெட்டி கேட்டார்கள். சின்னத்துரை அண்ணை என் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்கடை கிளாக்கரிட்டைக் கேளுங்கோ. ஆனா பாதிக் குச்சிதான் தருவார். மிச்சப் பாதியளைச் சேத்து மாடிவீடு கட்டப்போறாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடேயே வீட்டுக்கு வந்து பூரணத்திடம் கேட்டேன்.

"நான் குச்சி பிளக்கிறது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"மணியக்கா கண்டிருப்பா. அவர் பகிடிக்குச் சொன்னவர். நீங்கள் அதைக் காவிக்கொண்டு திரியாதையுங்கோ."

நான் காவிக்கொண்டு திரிந்தேன். பொட்டால் நெருப்பு மட்டும் போகவில்லை, என் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் போகிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அதை வெளியே சொல்லப் படித்த மனிதனுக்குக் கூச்சம். ஆகவே கணக்கைக் கையிலெடுத்தேன். அந்த வேலி எங்கள் பங்கு. வருடா வருடம் கிடுகு, கயிறு, கூலி என்று நாங்கள்தான் அடைக்க வேண்டும். எங்கள் வளவில் எங்கே அலவாங்கு போட்டாலும் சுண்ணாம்புக்கல் வரும். கல் இனாம். என் கையும் இனாம். வார இறுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் ஒரு மதில். அதன்பிறகு வேலிச் செலவு என்பதே இல்லை. கணக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இன்றைக்கும் போட்டுப் பார்த்தாலும் இராது.

பூரணத்துக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கல் சுமந்தாள். நான் கிண்டினேன், அவள் கடகத்தில் தூக்கிவந்து போட்டாள். சுண்ணாம்பும் மணலும் குழைத்தாள். மதில் தெருப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து தொடங்கிக் கிணற்றடியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, பொட்டடிக்கு எவ்வளவு இடம் விடப்போறியள்?"

"கட்டிக்கொண்டு போவம். கடைசியிலை பாப்பம்."

"ஒரு ஆள் சட்டியோடை பூந்து வரவேணும். மணியக்கா இப்ப கொஞ்சம் மொத்தம்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஆரடி மொத்தம்? வாறன் நில்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பூரணம் அதற்குப் பிறகும் கேட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு விதமாகக் கேட்டாள். நான் ஒவ்வொரு முறையும் "பாப்பம்" என்றேன். இடம் விடப்போவதில்லை என்று எனக்கு முதல் கல்லிலேயே தெரியும். அவள் சுமந்த கல்லாலேயே அவளுடைய வழியை அடைக்கப்போகிறேன் என்பதும் தெரியும்.

பொட்டுக்குக் கிட்ட மதில் வந்த ஒருநாள், நல்ல வெயில், மணியக்கா அந்த இடைவெளியால் ஒரு மூக்குப்பேணியை நீட்டினாள்.

"தம்பி, தேத்தண்ணி. சீனி போட்டிருக்கு. கையை நக்கத் தேவையில்லை."

எனக்குக் காது சிவந்துவிட்டது. வாங்கிக் குடித்தேன். நல்ல இனிப்பு. கூப்பன் சீனியில் அவ்வளவு போட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு மற்றவர்கள் வெறும் தேத்தண்ணி குடித்திருப்பார்கள் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன். அப்போது எனக்குக் கேட்டது நக்கல் மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வழக்கம்போல் பெட்டி வந்தது. "சூடு. பாத்துப் பிடியுங்கோ." நான் என் சேட்டுகளை அழுத்தினேன். பூரணம் கோயிலுக்குப் போயிருந்தாள். குழைத்த சாந்து மிச்சம் கிடந்தது. காயவிட்டால் வீண். நான் எதையும் வீணாக்காதவன். நல்ல தட்டையான கற்களாகப் பொறுக்கி எடுத்து, அவள் திரும்பி வருவதற்குள் பொட்டைத் தலையளவுக்கு அடைத்துவிட்டேன்.

படலையால் வந்தவள் கையில் திருநீறோடு நின்று பார்த்தாள். மதிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு திண்டில் இருந்த ஸ்திரிக்கைப்பெட்டியைப் பார்த்தாள். "வேலிச் செலவு இனி இல்லை" என்று நான் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து ஆறிப்போன கரியைக் கொட்டி, சாம்பலைத் துடைத்து, வெளிப்புறத்தையும் ஒரு துணியால் துடைத்தாள். அவ்வளவு சுத்தமாக அந்தப் பெட்டி ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

பொட்டால் போனால் வீட்டுச்சீலையோடு போகலாம், தலை குழம்பியிருக்கலாம், கையில் அரைத்த மஞ்சள் இருக்கலாம். ஒழுங்கையால் போவதென்றால் ஊர் பார்க்கும். கோயிலுக்கு உடுத்த சீலையை மாற்றாமல், கூந்தலை மட்டும் சரிசெய்துகொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படலையைத் திறந்தாள். ஒழுங்கையால் சுற்றி, முடக்கில் திரும்பி, அவர்களுடைய படலைக்குப் போகவேண்டும். நான் மதிலடியில் குந்தியிருந்தேன். அந்தப் பக்கத்துப் படலை கிறீச்சிட்டது கேட்டது.

"என்ன பிள்ளை, வெளிக்கிட்டு வாறாய்? எங்கை பயணம்?"

"இல்லை அக்கா. பெட்டி தரத்தான் வந்தனான்."

மணியக்கா மதிலைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு மெல்லச் சொன்னாள்.

"வா பிள்ளை. உள்ளுக்கு வந்து இரு."

அந்த வீட்டில் பூரணத்தை யாரும் "வா, இரு" என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை இருந்ததில்லை. அவள் குசினிக்குள் நேரே பூந்து, சட்டியைத் திறந்து பார்த்து, உப்புக் காணாது என்று சொல்லிவிட்டு வருகிறவள். அன்றைக்கு அவள் விருந்தாளி ஆனாள். மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, சாந்து காயாத அந்தக் கற்களைத் தள்ளிவிட ஒரு நிமிஷம் போதும். நான் கையைக் கழுவப் போனேன்.

சின்னத்துரை அண்ணை மறுநாள் வந்து மதிலைத் தட்டிப் பார்த்தார். "வடிவாய்க் கட்டியிருக்கிறியள், கிளாக்கர். எனக்கும் இனி ஆடு மாடு பூருதோ எண்டு ஓட்டை பாக்கிற வேலை மிச்சம்." அவர் முகத்தில் பகிடி இருக்கவில்லை. அன்னதானத்தில் சொன்னதை அவர் அன்றைக்கே மறந்திருப்பார். என் கோபம் அவருக்குத் தெரியவே தெரியாது.

அதன்பிறகு நாங்கள் ஒரு ஸ்திரிக்கைப்பெட்டி வாங்கினோம். தனிப் பேப்பர் எடுத்தோம். மிளகாய் இடிக்க மில்லுக்குக் காசு கொடுத்தோம். காலை நெருப்புக்குக் குச்சி செலவானது. குச்சி பிளப்பதை நான் விட்டுவிட்டேன். ஒருவரும் பார்க்க முடியாத மதிலுக்குள்ளே இருந்துகொண்டும் அதைச் செய்ய வெட்கமாக இருந்தது. வேலியில் மிச்சம் பிடித்த காசு எங்கே போனதென்று கேட்டால், இப்படித்தான் போனது. அது பெரிய நட்டமல்ல. பூரணம் மணியக்காவிடம் போய்வந்தாள்தான். ஆனால் நல்ல சீலை உடுத்து, கையில் ஏதாவது கொண்டு, மாதத்தில் ஒருமுறை, பிறகு தீபாவளிக்கும் வருஷப்பிறப்புக்கும். என்னிடம் அவள் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செலவைப் பற்றிச் சொல்லியிருப்பேன். பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. கோபத்தில் கட்டினேன் என்று எழுத எனக்கு இவ்வளவு வயது வேண்டியிருந்தது.

பிறகு சண்டை வந்தது. ஊரே எழும்பிப் போனது. மணியக்கா இடம்பெயர்ந்த இடத்தில் இறந்ததாகப் பல மாதம் கழித்துச் செய்தி வந்தது. சின்னத்துரை அண்ணை மகனோடு வெளிநாடு போய் அங்கேயே முடிந்தார்.

போன வருடம் நானும் பூரணமும் வளவைப் பார்க்கப் போனோம். இரண்டு வீட்டிலும் கூரையில்லை, கதவில்லை, நிலையில்லை. ஒழுங்கையில் ஒரு கதியால்கூட மிஞ்சவில்லை. எது யாருடைய வளவென்றே தெரியவில்லை. என்னுடைய மதில் மட்டும் நின்றது. வெட்கத்தோடு சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. ஒரு கல் அசையவில்லை.

பிறகு பொட்டு இருந்த இடத்தைத் தேடினேன். கிணறு தூர்ந்துபோயிருந்தது, அடையாளமில்லை. மதில் நெடுக நடந்து தடவிப் பார்த்தேன். பழைய கட்டும் புதுக் கட்டும் சேருகிற இடம் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தேன்.

பூரணம் பற்றைகளை விலக்கிக்கொண்டு வந்து, தேடாமல், ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதிலை."

"கழட்டி விடவோ?" என்று கேட்டேன். கிழவன் கையால் நாலு கல்லென்றாலும் கழற்றியிருப்பேன்.

அவள் கையை எடுக்காமல் நுனிக்காலில் நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இனி ஆரிட்டைப் போக?"