மெரில் பெயரில் பதினெட்டாயிரம் கோப்புகள்

கான்பெராவில் எங்கள் அரசுத் துறையின் ஆவணப் பிரிவில் மெரில் ஹாஸ்லம் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். எனக்கு அடுத்த மேசை. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய பிறகு, வெள்ளிக்கிழமைகளில் அந்த மாடியில் நாங்கள் இருவர்தான்.

இரண்டு துறைகளை ஒன்றாக்கியபோது கோப்புகளெல்லாம் புதிய கணினி அமைப்புக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர் வேண்டும். இல்லையென்றால் யாரும் தேடி எடுக்க முடியாதபடி பூட்டிவிடுவார்கள். கலைக்கப்பட்ட பிரிவுகளின் பதினெட்டாயிரம் கோப்புகளுக்கு ஆளில்லை. மெரில் தன் பெயரைப் போட்டார். தற்காலிகம்தான் என்றார் மேலாளர். ஆறு வருடம் ஓடிவிட்டது.

உள்ளே இருந்தவை மூடப்பட்ட வானிலை நிலையங்களின் மழைக் குறிப்புகள், பாலைவனக் குடியிருப்புகளின் கிணற்று நீர்ப் பரிசோதனைகள். மதியம் ஒரு கையில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு அவற்றைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.

ஓய்வு நெருங்கியதும் கோப்புகளை ஏற்கச் சொல்லி ஏழு பிரிவுகளுக்கு எழுதினார். ஐந்து பிரிவுகள் தங்களுடையதல்ல என்றன. இரண்டு பதிலே போடவில்லை. கடைசியில் வடக்கே டார்வின் நகரில் உள்ள எங்கள் அலுவலகத்து டெஸ் டோன்கினைக் கூப்பிட்டார். என்றோ டெஸ் ஒரு கோப்பு கேட்டதில் தொடங்கிய பழக்கம். பதினோரு வருடமாகக் குரல் தெரியும், முகம் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“பதினெட்டாயிரமா? நாய்க்குட்டி ஒண்ணு கொண்டுபோனாலே என் வீட்ல வாசல்லயே நிறுத்திடுவாங்க,” என்றார் டெஸ். “சரி, என் பேருக்கு மாத்து. ஆனா உள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போ.”

“எல்லாத்தையுமா?”

“மத்தியானம் எனக்கு வேலையில்ல, மெரில். சொல்லு.”

மூன்று மணி நேரம் சொன்னார். ஆள் நடமாட்டம் இல்லையென்று விளக்குகள் தாமாக அணைந்தபோதெல்லாம் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுத் தொடர்ந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. நானும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

வழியனுப்ப ஆறு பேர் வந்தோம். எலுமிச்சைக் கேக் வெட்டினோம். மேலாளர் இருபது வருடச் சேவை என்று பேசினார். மெரில் திருத்தவில்லை. திங்கட்கிழமை மெரிலின் கணினிக் கணக்கை மூடிவிட்டார்கள்.

செப்டம்பரில் டெஸ் என்னை அழைத்து மெரிலின் எண்ணைக் கேட்டார். எந்தக் கோப்பு வேண்டுமென்றேன்.

“கோப்பெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கலாம்னு.”

மாடி முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். எங்களில் யாரிடமும் இல்லை. பணியாளர் பிரிவில் இருக்கும், ஆனால் தர மாட்டார்கள். அப்படியே சொன்னேன். டெஸ் பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.