கடப்பாக்கத்து வளைகாப்பு

பிறவி முதுகுத்தண்டுக் குறை பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் எங்கள் தூதர் குழுவில் எப்போதும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். காலில் தாங்கு பட்டைகள் மாட்டி, கைத்தடி ஊன்றி வருகிறவள் பேச ஆரம்பித்தால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. கணக்கு சரிதான். முதுகுத்தண்டு மூடாமல், ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்தவள் நான். தலையில் நீர் கோத்துக்கொண்டதால், அதை வடிக்கக் காதுக்குப் பின்னாலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் ஒரு சின்னக் குழாயும் ஓடுகிறது. கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தொண்டு.

வளைகாப்புகளுக்குப் போவது எங்கள் யோசனை. மாசமாக இருப்பவளுக்கு அடுக்கிய கையோடு, புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் வளையல் போடுவார்கள். கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல வேறு நல்ல இடம் உண்டா? இதில் எங்களுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

கடப்பாக்கத்தில் அது கவிழ்ந்தது. மாசமானவள் கண்ணில் நான் படக் கூடாதென்று அவள் மாமியார் என் நாற்காலியைக் கதவோரம் போட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது; ஆனாலும் உட்கார்ந்தேன். என்னோடு வந்த தோழி, "முன்னாடியே மாத்திரை சாப்பிட்டா குழந்தைக்கு முதுகு நல்லா மூடிக்கும்" என்று ஆரம்பித்ததும், கன்னத்துச் சந்தனத்தோடு அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஸ்கேன்ல அதத்தான் சொன்னாங்கோ," என்றார் மாமியார். "புள்ளைக்கு முதுகு மூடலியாம். இவ மாத்திர துன்னல. இப்ப இன்னா பண்றது?"

ஊரே அவளைப் பார்த்தது. நாங்களே ஊர் கூட்டி அவளைக் குற்றவாளியாக்கியிருந்தோம். எனக்கு எங்கள் மேலேயே கோபம் வந்தது. தடியை ஊன்றி நடுவில் போய் நின்றேன்.

"எனக்கு முன்னாடி ஒண்ணு கலைஞ்சதால எங்கம்மா டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டுத்தான் என்னைப் பெத்தாங்க. அப்பவும் நான் இப்படித்தான் பொறந்தேன். மாத்திரை பெரும்பாலும் காப்பாத்தும், எல்லாரையும் இல்ல. இதுல யார் மேலயும் பழி போடாதீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புள்ள நடக்குமாக்கா?" என்றாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியாதும்மா. நான் நடக்கிறேன். சக்கர நாற்காலில வர்றவங்களும் எங்க குழுவுல இருக்காங்க. ஆனா பிரசவம் பெரிய ஆஸ்பத்திரிலதான் நடக்கணும். பொறந்ததும் முதுகை மூடி ஆபரேஷன் பண்ணணும்."

பக்கத்திலேயே தெரிந்த நர்சிங் ஹோமில் பிரசவம் என்று மாமியார் முடிவு செய்திருந்தாராம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் காலோட வேலைக்கா போற?"

"போறேன். வருமான வரிகூட கட்டறேன், வேணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரசவம் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடந்தது.

போன மாதம் மதுராந்தகத்தில் ஒரு வளைகாப்பு. இப்போதெல்லாம் வீட்டாரிடம் முதலில் தனியாகப் பேசிவிட்டுத்தான் சபையில் வாய் திறக்கிறோம். அன்று என்னை யாரும் முன்னால் தள்ளவில்லை. கடப்பாக்கத்துப் பெண்தான் பேசினாள். கால் வீசி நடப்பானா என்று இன்னும் தெரியாத மகனைப் பற்றி, குரல் நடுங்காமல் பேசினாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். என் குழந்தை மேடையேறியது போல் அப்படியொரு பெருமை எனக்கு.

அவள் மாமியாரோ பேரனைத் தோளில் போட்டு, சட்டையைத் தூக்கி முதுகுத் தழும்பைக் காட்டிக்கொண்டே வரிசை வரிசையாகப் போனார்.

"எங்க வூட்டுப் புள்ள. எவ்ளோ நேர்த்தியா தெச்சிகீறாங்க, நல்லா பாரு."